அலையின் உயரம்

எதனால் விழுந்தது என்று கேட்கிறீர்கள்.
ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு
தேநீரை ஆறவிடுகிறீர்கள், ஐயா.
எண்ணெய் விலையா, மலைநாட்டுப் போரா,
ராக்கெட்டில் கரைந்த பணமா,
அதையெல்லாம் எழுதப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.
நான் ஒராஸ்குல். முய்னாக் மீன் ஆலையில்
இரண்டாம் நிலைக் கணக்கர்.
எனக்கு ஒரு கட்டம்தான் தெரியும்.

துறைமுகப் படிவம் பதினான்கு.
ஏழாவது கட்டம்:
அலையின் உயரம், மீட்டரில்.

சார்சென்பாய் காலை ஆறு மணிக்குப் படித்துறைக்குப் போவார்.
அளவுகோலைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.
ஒன்று புள்ளி இரண்டு. பூஜ்யம் புள்ளி எட்டு.
ஒரு வசந்தத்தில் கோலின் அடி தெரிந்தது.
மறு வசந்தத்தில்
கோலில் ஓர் ஆடு முதுகு சொறிந்துகொண்டிருந்தது.
அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
"பூஜ்யம்" என்றார்,
இழவு வீட்டில் பேசுகிற குரலில்.

எழுதினேன். முப்பத்தொரு நாளுக்கு
முப்பத்தொரு பூஜ்யம்.
அந்த ஆண்டு பருத்தி அமோகம்.
ஆறு முழுவதும் அங்கேதான் திரும்பியிருந்தது.
செய்தித்தாளில் பருத்திக் குவியல்மேல் நின்று சிரித்தவள்
என் சித்தி மகள்.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.
அதில் கோபமே இல்லை:
"பூஜ்யம் கருவிப் பழுதைக் குறிக்கும்.
பழுது நீங்கும்வரை
முந்தைய ஐந்தாண்டுச் சராசரியை நிரப்பவும்."

சராசரி எடுத்தேன்.
கணக்கில் நான் தவறியதே இல்லை.
பூஜ்யம் புள்ளி ஒன்பது ஏழு.

அதன்பின் எங்கள் கடல்
கோடையிலும் பனியிலும் ஒரே உயரத்தில் அடித்தது.
எங்கோ வடகடலில் பிடித்த மீன்
பனிக்கட்டியாக ரயிலேறி வந்தது,
குங்கிராத்தில் இறங்கி லாரியில்,
உப்புப் புழுதிக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு.
குடல் நீக்கினோம். டின்னில் அடைத்தோம்.
நீல அலை போட்ட லேபிளை ஒட்டினோம்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
ஏட்டுக் கடல் உதவியது, ஐயா.
மாதச் சம்பளம் தந்தது.
என் மகனுக்குக் குளிர்கோட்டு வாங்கித் தந்தது.

சார்சென்பாய் மட்டும் ஒருநாளும் பொய் சொல்லவில்லை.
தினமும் போவார், வருவார், "பூஜ்யம்" என்பார்.
தினமும் தலையாட்டிவிட்டு
நான் சராசரியை எழுதுவேன்.
இருவரும் ஒரே அடுப்பில் தேநீர் போட்டுக் குடித்தோம்.

ஒருமுறை வதீம் லுகிச் என்ற ஆய்வாளர் வந்தார்.
படித்துறை நுனியில் வெகுநேரம் நின்றார்.
கீழே கப்பல்கள் சாய்ந்து கிடந்தன.
அவற்றின் நிழலில் மாடுகள் அசைபோட்டன.
உள்ளே வந்து என் ஏட்டைப் புரட்டினார்.
"கையெழுத்து அழகாயிருக்கிறது."
ஒப்பமிட்டார். பேனா நடுங்கியதைப் பார்த்தேன்.
இரவு, மூன்றாவது கோப்பைக்குப் பிறகு,
"எங்கேதான் போயிற்று?" என்றார்.
சார்சென்பாய் கை நீட்டி
அவர் சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார்.
நல்ல வெள்ளைப் பருத்திச் சட்டை.
வதீம் லுகிச் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
அறிக்கையில் என்ன எழுதினார் என்று தெரியாது.
எங்களுக்குச் சிவப்புக் கொடி ஒன்று பரிசாக வந்தது.

பிறகு ஒரு டிசம்பரில்
நாடே இல்லை என்று வானொலி சொன்னது.
மறுநாள் வேலைக்குப் போனோம்.
படிவக் கட்டில் பாதி மிச்சம் இருந்தது.
பூஜ்யம் புள்ளி ஒன்பது ஏழு எழுதி, முத்திரை குத்தி,
எந்த ஊருக்கு அனுப்புவதென்று தெரியாமல்
உறையை ஒட்டாமலே வைத்திருந்தேன்.
லேபிள்கள் நாற்பதாயிரம் மிஞ்சின.
இரண்டு குளிர்காலம் அவைதான் அடுப்பெரித்தன.

உங்கள் தாளிலும் கட்டங்கள் போட்டிருக்கிறீர்கள்.
"வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம்.
ஒன்றை மட்டும் குறிக்கவும்."
இதுவரை மற்றவர்கள் எதைக் குறித்தார்கள்?
சராசரியைச் சொல்லுங்கள்,
நிரப்பித் தருகிறேன்.